ஊர்ப்பெயர் ஒன்று, கனிப்பெயர் ஒன்று

1.5 கிலோ நாட்டுக்கோழி, 3 லிட்டர் தண்ணீர், ஒரு வெங்காயம், நான்கு பல் பூண்டு, உப்பு. கொதி வந்ததும் மேலே திரளும் சாம்பல் நிற நுரையைக் கரண்டியால் வழித்துவிட்டுத் தீயைத் தணித்தால், ஒன்றரை மணி நேரத்தில் கறி எலும்பிலிருந்து கழன்று வரும். இதுவரை யுகடான் மாநிலத்து மெரிதா நகரின் அடுப்படிக்கும், மெக்சிகோ நகரின் தென்கோடியில் இருக்கும் த்லால்பானின் அடுப்படிக்கும் வேறுபாடு இல்லை. சாற்றை வடிகட்டி இரண்டு பாத்திரங்களில் சரிபாதியாக ஊற்றினேன். கறியைப் பிய்த்து இரண்டு தட்டுகளில் வைத்தேன். ஒரு பாத்திரம் சோபா தே லீமா ஆக வேண்டும். மற்றது கால்தோ த்லால்பென்யோ.

மெக்சிகோவில் கோழிச்சாற்றுக்குப் பஞ்சமில்லை. இந்த இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டியவை அவற்றின் பெயர்களே. முன்னது லீமா என்னும் ஒரு கனியின் பெயரைத் தாங்கியது. பின்னது த்லால்பான் என்னும் ஓர் ஊரின் பெயரைத் தாங்கியது. கனி எங்கும் விளையக்கூடியது, ஊரோ இருந்த இடத்தில் இருப்பது. ஆகவே கனிச்சாறு உலகம் சுற்றும், ஊர்ச்சாறு ஊரோடு நிற்கும் என்று யாரும் எண்ணுவர். இரண்டையும் நம் வீட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாக வருகிறது. ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

லீமா சூப்பின் வேலை தோசைக்கல்லில் தொடங்குகிறது. மெக்சிகோவில் அந்தக் கல்லுக்குக் கோமால் என்று பெயர். அதன்மேல் பூண்டைத் தோல் உரிக்காமல், பாதி வெங்காயத்தை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, கரும்புள்ளி விழும்வரை சுடுகிறோம். பக்கத்திலேயே நாலைந்து மிளகு, இரண்டு கிராம்பு, சிறு துண்டுப் பட்டை, கொஞ்சம் ஒரிகானோ ஆகியவற்றைச் சூடுகாட்டி இடித்துக்கொள்கிறோம். யுகடானில் இத்தகைய இடித்த மசாலாவை ரெகாதோ என்பர். மெரிதாவின் சந்தையில் கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்று பல நிறங்களில் விழுதாகவே குவித்து விற்பார்கள். பிறகு தக்காளி, வெங்காயம், காரமில்லாத மிளகாய் ஆகியவற்றைப் பொடியாக அரிந்து வதக்கிச் சாற்றில் சேர்ப்பது. இவ்வளவுதான் அடித்தளம். மெல்லியது, தெளிவானது, ஏறக்குறைய நிறமற்றது.

த்லால்பான் சூப்பின் வேலையோ முந்தைய இரவே தொடங்கிவிடுகிறது. ஒரு கோப்பை கொண்டைக்கடலையை ஊறப்போட வேண்டும். மறுநாள் தக்காளி, வெங்காயம், பூண்டை அரைத்து எண்ணெயில் சுருள வதக்கிச் சாற்றில் ஊற்றி, வெந்த கடலை, வட்டமாக அரிந்த கேரட், விரல்நீளப் பீன்ஸ் ஆகியவற்றைப் போட்டு, கடைசியில் இரண்டு சிபோத்லே மிளகாயை இறக்குவது. எபசோத்தே என்னும் தழை கிடைத்தால் ஒரு கொத்து. அதன் வாடை முதல்முறை முகர்பவருக்கு மண்ணெண்ணெயை நினைவூட்டும். சாற்றில் வெந்தபின் அதே வாடை மண்வாசனை போல அடங்கிவிடும். கிடைக்காவிட்டால் விட்டுவிடுவதே மேல். அந்த இடத்தைக் கொத்தமல்லி நிரப்பும் என்று எழுதுகிறவர்கள் எபசோத்தேயை முகர்ந்ததில்லை என்பது என் துணிபு.

ஒன்று தெளிசாறு, மற்றது குழம்பை நெருங்கும் சாறு. மெக்சிகோ வீட்டு மதிய உணவில் முதலில் நீர்த்த சூப், அடுத்து ‘உலர்ந்த சூப்’ எனப்படும் சோறோ சேமியாவோ, அதன்பின் கறிவகை என்று ஒரு வரிசை உண்டு. லீமா சூப் அந்த முதலிடத்தில் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். த்லால்பான் சூப்புக்கு அந்த அடக்கம் கிடையாது. கடலையும் காயும் கறியும் சேர்ந்து, பலநாள் அதுவே முழுச் சாப்பாடாகிவிடும்.

வேறுபாட்டின் வேர் காலத்தில் இருக்கிறது. சிபோத்லே நன்கு பழுத்துச் சிவந்த ஹலப்பென்யோ மிளகாயைப் பல நாள் புகையில் காயவைத்து எடுப்பது. அந்த மிளகாயின் சதை தடிமனானது. வெயிலில் காயுமுன் அழுகிவிடும். புகை ஏற்றுவது சுவைக்காகத் தோன்றிய அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அது முதலில் ஒரு பாதுகாப்பு முறை. ஏறத்தாழ பத்துக் கிலோ பழம் ஒரு கிலோ சிபோத்லேயாகச் சுருங்கும். புகையின் மணப்பொருள்களும் மிளகாயின் காரப்பொருளும் நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. ஆகவே சாற்றின்மேல் மிதக்கும் கோழி நெய் அவற்றை ஏந்திக்கொள்ளும். கொதிக்கக் கொதிக்கச் சுவை ஆழமாகும். சிபோத்லேக்குக் காலம் நண்பன்.

லீமாவுக்குக் காலம் பகை. அதன் மணம் முழுவதும் தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. அது ஆவியோடு ஆவியாகப் பறந்துவிடும். அதைவிடத் தொல்லை தருவது கசப்பு. கிச்சிலி இனத்துக் கனிகளின் திசுவில் கசப்பற்ற ஒரு பொருள் இருக்கிறது. கனியை வெட்டியதும் அது அமிலத்தோடு சேர்ந்து லிமோனின் என்னும் கசப்பாக மாறத் தொடங்கும். சூடு அந்த மாற்றத்தை விரட்டிவிடும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல்முறை செய்தபோது வில்லைகளைச் சாற்றோடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். மணத்தால் வீடு நிறைந்தது. கிண்ணத்தில் வேப்பம்பூ ரசம் இருந்தது. அடுப்பை அணைத்தபின் சாறு பிழிந்து, வில்லைகளை மேலே மிதக்கவிடுவதே முறை. அவற்றையும் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும்.

ஆக, ஒரே கோழிச்சாற்றில் இரு எதிர்த்திசைப் பயணங்கள். ஒன்றில் முதன்மைப் பொருள் முன்கூட்டியே மூழ்கி மறைகிறது. மற்றொன்றில் கடைசி நொடியில் வந்து மிதக்கிறது. முன்னதை நாவு அறிகிறது, பின்னதை நாசி அறிகிறது. இங்கே நிறுத்திக்கொண்டால் புகை இந்தப் பக்கம், மணம் அந்தப் பக்கம் என்று கோடு போட்டுவிடலாம்.

அந்தக் கோடு நிற்காது. தோசைக்கல்லில் கருக்கிய பூண்டை மறந்துவிட்டோம். லீமா சூப்பின் தெளிந்த சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தால், புளிப்புக்கும் மணத்துக்கும் கீழே மெலிதாக ஒரு தீச்சுவை தட்டுப்படும். அது சுட்ட பூண்டும் சுட்ட வெங்காயமும் விட்டுச்சென்றது. த்லால்பானில் தீ வேறொருவர் வீட்டில் மூட்டப்பட்டு, மிளகாய்க்குள் அடைபட்டு வருகிறது. யுகடானில் சமைப்பவரே அதைத் தன் கல்லில் மூட்டுகிறார். நீரில் வேகவைப்பதற்கு முன் தீயில் வாட்டுவது என்னும் பழக்கம் இரண்டுக்கும் பொது. நிறம் வேறு, மணம் வேறு என்று நாம் நினைத்த இரு சாறுகளும் அடியில் ஒரே சாம்பலைத் தொட்டிருக்கின்றன.

நிலத்திலும் இதே வேடிக்கை. யுகடான் சுண்ணாம்புப் பாறையாலான தட்டை நிலம். பெய்யும் மழையெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடுவதால், மேலே ஓடும் ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கூரை இடிந்த குகைகளில் தேங்கும் நன்னீரே செனோத்தே எனப்படும் கிணறுகள். மேல்மண் மிக மெல்லியது. அதனால் மாயா குடும்பங்கள் வீட்டைச் சுற்றியுள்ள மனையில் மண்ணையும் குப்பையையும் சேர்த்துப் பேணி, நாரத்தை, லீமா, மிளகாய், கீரை, வான்கோழி என்று எல்லாவற்றையும் அங்கேயே வளர்த்தன. லீமா பறிக்கக் கொல்லைக்குப் போனால் போதும்.

த்லால்பானோ மலையடிவாரம், யுகடானின் தட்டை நிலத்துக்கு நேர் எதிர் என்று சொல்லலாம். நாவாட்டில் மொழியில் அந்தப் பெயருக்கு ‘நிலத்தின் மேல்’ என்று பொருள். எந்த நிலம்? ஷித்லே எரிமலை கக்கிய குழம்பு உறைந்து கிடக்கும் நிலம். அந்தக் குழம்பு குயிகுயில்கோ என்னும் பழைய நகரத்தையே மூடியது. அதன் வட்டப் பிரமிடு இன்றும் த்லால்பானில் நிற்கிறது. ஸ்பானியர் காலத்தில் இவ்வூரின் பெயர் சான் அகுஸ்தீன் தே லாஸ் குவேவாஸ், அதாவது குகைகளின் புனித அகஸ்டின். ஒன்று சுண்ணாம்புக் குகைகளின் மேல், மற்றது எரிமலைக் குகைகளின் மேல். இரண்டு சூப்புகளும் பொத்தல் பாறைமேல் பிறந்தவை என்பதைக் கண்டபோது எனக்கு ஒரு சின்னப் பிள்ளையின் மகிழ்ச்சி.

இனிப் பிறப்புக் கதைகளுக்கு வருவோம். த்லால்பான் சூப்புக்குக் குறைந்தது இரண்டு கதைகள் வழங்குகின்றன. தலைநகரிலிருந்து வரும் டிராம் வண்டி நின்ற இடத்தில் ஒரு பெண்மணி பானை வைத்து விற்றார், இறங்கியவர்கள் குடித்துவிட்டு ‘த்லால்பான் சாறு’ என்று பெயரிட்டார்கள் என்பது ஒன்று. மற்றொன்றில் நாயகன் அந்தோனியோ லோபெஸ் தே சாந்தா ஆன்னா. மெக்சிகோவின் ஆட்சியைப் பலமுறை பிடித்தும் இழந்தும் விளையாடிய அந்தத் தளபதி, இவ்வூரில் குடித்துக் களித்த மறுநாள் இந்தச் சூப்பைக் கேட்டு வாங்கிக் குடித்தாராம். கதைக்குச் சான்று கிடையாது, பின்னணிக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சான் அகுஸ்தீன் திருவிழா சூதாட்டத்துக்கும் சேவல்சண்டைக்கும் பேர்போனது. ஸ்பானியத் தூதரின் மனைவியாக அங்கே வாழ்ந்த ஃபேனி கால்டெரோன் தே லா பார்க்கா, 1843இல் வெளிவந்த தம் நூலில் அதை எழுதியிருக்கிறார். சாந்தா ஆன்னா சேவல் வளர்ப்பதில் பித்துப் பிடித்தவர். சண்டையில் தோற்ற சேவலின் கதி என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

லீமா சூப்புக்கு இப்படிப் பட்டாளக் கதை எதுவும் கிடையாது. அது கொல்லைப்புறத்துப் பிள்ளை. என்றாலும் அதன் மண்ணும் அதே மனிதரைச் சந்தித்திருக்கிறது. 1824இல் இளம் தளபதியாக இருந்த சாந்தா ஆன்னாவை மெக்சிகோ அரசு அனுப்பிய இடம் யுகடான். அங்கே ஆளுநராகவும் இருந்தார். பின்னாளில் மத்திய ஆட்சியின் பிடி இறுகியபோது யுகடான் 1841இல் தன்னைத் தனிக் குடியரசாக அறிவித்தது. சாந்தா ஆன்னா அனுப்பிய படையால் அதை வெல்ல முடியவில்லை. 1848இல்தான் அது நிலையாகத் திரும்பச் சேர்ந்தது. ஒரு சூப்பைக் கேட்டு வாங்கிக் குடித்ததாகச் சொல்லப்படுபவர், மற்றச் சூப்பின் நாட்டை இழந்தவர்.

இதோடு முடியவில்லை. சாந்தா ஆன்னா பிறந்தது த்லால்பானில் இல்லை. 1794இல், வேராகுருஸ் பகுதியின் ஹலாப்பா நகரில். ஹலப்பென்யோ என்றால் ‘ஹலாப்பாவைச் சேர்ந்தது’. அந்த மிளகாயைப் புகையிட்டால் சிபோத்லே. ஆக, த்லால்பானின் பெயரால் வழங்கும் சூப்பில், அதை அடையாளம் காட்டும் மிளகாயும் அதன் கதை நாயகனும் ஒரே வெளியூர்க்காரர்கள்! இன்னும் ஒரு படி போகலாம். இன்று அந்த மிளகாய் பெருமளவு விளைவதும் புகையேறுவதும் ஹலாப்பாவில்கூட இல்லை. வடக்கே சிவாவா மாநிலத்தில்.

யுகடான் பக்கமும் அதே பித்தலாட்டம். லீமா சூப்பின் கிண்ணத்தருகே சிறு தட்டில் பொடியாக அரிந்து வைக்கும் மிளகாய் ஹபனேரோ. ‘ஹவானாவைச் சேர்ந்தது’ என்று பொருள். கியூபாவின் சமையலில் காரம் பேருக்குத்தான். ஹபனேரோ இல்லாமல் சாப்பிட உட்காராதவர்கள் யுகடான் மக்கள். 2010இல் யுகடான் தீபகற்பத்து ஹபனேரோவுக்குப் புவிசார் பெயருரிமையும் கிடைத்தது. ஹவானாவின் பெயரை வைத்துக்கொண்டே! பெயர்களை நம்பி இந்த இரு கிண்ணங்களுக்குள் இறங்கினால் வழிதவறிப் போவோம்.

கோழியே இங்கு விருந்தாளி. ஸ்பானியர் வருமுன் அந்நாட்டின் வீட்டுப் பறவை வான்கோழி. வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ‘இந்நிலத்துக் கோழி’ என்று பெயரிட்டனர். யுகடானில் இன்றும் விசேஷ நாளின் லீமா சூப்புக்கு வான்கோழிச் சாறே உகந்தது என்பார் உண்டு. த்லால்பானில் வான்கோழியின் நினைவு அற்றுவிட்டது. அதற்கு ஈடாகக் கொண்டைக்கடலை குடியேறிவிட்டது. ஸ்பானியக் கடலைக்கறிப் பானையின் நேர் வாரிசு அது. இன்று சினலோவா, சோனோரா மாநிலங்களில் பயிராகி வெளிநாடுகளுக்கே ஏற்றுமதியாகிறது.

விருந்தாளிகளின் பட்டியலில் நமக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ரெகாதோவில் இடிபடும் மிளகு மலபாரின் கொடியில் பிறந்தது. பட்டை விஷயத்தில் மெக்சிகோ மக்கள் பிடிவாதக்காரர்கள். அவர்கள் கனேலா என்று விரும்பிக் கேட்பது இலங்கைக் கறுவாவையே, அதை அதிகம் வாங்கும் நாடுகளுள் மெக்சிகோ முன்வரிசையில் நிற்கிறது. யுகடான் சமையலின் மற்றொரு உயிர்நாடியான நாரத்தைக்கு ஸ்பானிய மொழியில் நரான்ஹா. அரபு, பாரசீகம், வடமொழி என்று பின்னோக்கிப் போனால் அச்சொல் நம் ‘நாரத்தை’ இருக்கும் திராவிட வேருக்கு வந்து சேர்வதாக அறிஞர் பலர் கருதுகின்றனர். எதிர்த்திசையில் மிளகாயும் தக்காளியும் இங்கே வந்தன. அவை இல்லாத நம் அடுப்படியை இன்று கற்பனை செய்யவே கடினம். எனவே என் வீட்டுப் பாத்திரங்களில் பாதிப் பொருள்கள் ஊர் திரும்பியவை, பாதி ஏற்கெனவே குடியுரிமை பெற்றவை.

ஒரிகானோவைப் பற்றி ஒரு சொல். மெக்சிகோ ஒரிகானோ, பீட்சாமேல் தூவும் ஒரிகானோவின் இனமே இல்லை. நம் வேலியோரத்து உண்ணிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பொட்டலத்துப் பொடியைப் போட்டுவிட்டு ‘அதே சுவை வரவில்லையே’ என்று வருந்துவதில் பயனில்லை.

இரண்டும் கிண்ணத்துக்கு வரும் கட்டம் பார்க்கத் தகுந்தது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துத் தட்டிய தோர்த்தியா இரண்டுக்கும் உண்டு. இருக்கும் இடம் வேறு. த்லால்பானில் அது துணியில் சுற்றி வெளியே காத்திருக்கும், நாம் தொட்டுக்கொள்ள. யுகடானில் அது விரலகல நாடாவாக அரியப்பட்டு, எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரிந்து, கிண்ணத்துக்குள்ளேயே போகும். பொரித்த நாடாக்களைக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் சாற்றை அதன்மேல் ஊற்றும்போது ‘சொய்ங்’ என்று ஓர் ஓசை எழும். அந்த ஓசை அடங்குமுன் மேசைக்கு வந்தாக வேண்டும். இரண்டு நிமிடம் தாமதித்தால் நாடா களியாகிவிடும். முதல் கரண்டியில் நொறுங்குவது, கடைசிக் கரண்டியில் குழைந்திருப்பது: ஒரே கிண்ணத்தில் ஒரு பொருளின் இரு நிலைகளையும் தின்கிறோம்.

த்லால்பான் கிண்ணத்தில் இந்த வேலையைச் செய்வது அவகாடோ. நாம் வெண்ணெய்ப் பழம் என்பது எவ்வளவு பொருத்தம் என்று அங்கேதான் தெரியும். சூடான புகைச்சாற்றில் குளிர்ந்த பழத்துண்டு விழுந்ததும் ஓரம் மட்டும் இளகி, காரத்தைப் பூசி அணைக்கிறது. யுகடானில் மொறுமொறுப்பு, இங்கே வழுவழுப்பு, செயல் ஒன்றே. இரண்டிலும் சமையல்காரர் தம் வேலையை முழுதாக முடிப்பதில்லை. ஹபனேரோ எவ்வளவு, எலுமிச்சை எத்தனை சொட்டு, கொத்தமல்லி வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் குடிப்பவர் கையில்.

என் அம்மாவின் கையில் இரண்டு கிண்ணங்களையும் கொடுத்தேன். லீமா சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னடா இது, எலுமிச்சை ரசத்துல அப்பளத்தை நொறுக்கிப் போட்டிருக்கே?” என்றார். மற்றதைக் குடித்துவிட்டுச் சற்று யோசித்தார். “இது பாட்டி வீட்டு வெறகடுப்பு.” ஒப்பாய்வு என்று நான் எழுத நினைத்ததில் பாதியை அவர் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

ஆனால் அவர் குடித்தது லீமா சூப்தானா? இங்கேதான் பெயரின் கணக்கு தலைகீழாகிறது. சிபோத்லே புகைந்து காய்ந்தது, அல்லது அடோபோ என்னும் தக்காளிப் புளிக்குழம்பில் ஊறி டப்பாவில் அடைபட்டது. ஆண்டுக்கணக்கில் கெடாது, கப்பலேறும், பெருநகரக் கடைகளின் அலமாரியில் நிற்கும். கடலை, கேரட், பீன்ஸ், கோழி எங்கும் உண்டு. எபசோத்தே ஒன்றைத் தவிர த்லால்பான் சூப்பில் ஊரோடு கட்டுண்ட பொருள் இல்லை. ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு, ஊரே தேவைப்படாத சாறு அது. என் பாத்திரத்தில் இருந்ததற்கும் அங்கே கிடைப்பதற்கும் இடையே பத்தில் எட்டுப் பங்காவது பொருத்தம் இருக்கும்.

லீமாவோ வேறு கதை. மெக்சிகோவின் மற்றப் பகுதிகளில் பிழிந்துகொள்ளும் லிமோன் அன்று அது. காம்புக்கு எதிர்முனையில் சிறு முலைபோன்ற மேடு கொண்டது. சாற்றில் புளிப்பு மிதம். தோலில் பூமணமும் மெல்லிய கசப்பும் கலந்தது. யுகடானுக்கு வெளியே, மெக்சிகோ நகரத்திலேயே, அதைத் தேடிப் பிடிப்பது எளிதில்லை. வெளியூரில் செய்பவர்கள் எலுமிச்சையோடு பம்பளிமாஸ் இனத்துத் தோலைச் சேர்த்து ஒப்பேற்றுவார்கள். நானும் இரண்டு எலுமிச்சை, பாதிச் சாத்துக்குடி, விரலளவு பம்பளிமாஸ் தோல் என்றுதான் செய்தேன். மணம் நன்றாகவே இருந்தது. ஆயினும் லீமாவே இல்லாமல் லீமா சூப் செய்தேன் என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது. சூப்பின் பெயரில் கனி இருக்கிறது. கனிக்குள் ஒரு கொல்லை, அந்தக் கொல்லைக்கு அடியில் ஒரு சுண்ணாம்புப் பாறை.

யுகடானை மெக்சிகோவின் நடுப்பகுதியோடு இணைத்த ரயில்பாதை 1950இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் மெரிதாவின் வாணிகர்களுக்குத் தலைநகரைவிட ஹவானாவும் நியூ ஆர்லியன்ஸும் பக்கம்; சரக்கும் செய்தியும் கடல்வழியே வந்தன. தன் கனியைத் தானே வைத்துக்கொண்ட ஒரு சூப்புக்கு அந்தத் தனிமை ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. த்லால்பானோ டிராம் போகும் தூரத்தில் இருந்த ஊர். 1827 முதல் 1830 வரை மெக்சிகோ மாநிலத்துக்கே தலைநகராக இருந்து, பிறகு பெருநகரம் பரவிப் பரவி அதை விழுங்கி, இன்று நகரின் ஒரு பகுதியாகிவிட்டது. ஊரின் தனித்தன்மை கரையக் கரைய, அதன் பெயர் தாங்கிய சாறு நாடெங்கும் உணவகப் பட்டியல்களில் ஏறியது.

எது உயர்ந்தது என்று கேட்பவர்களுக்கு நான் நாளைப் பார்த்துப் பதில் சொல்வேன். புழுக்கமான மதியத்துக்கு லீமா. மழை விடாத மாலைக்கு, அல்லது தும்மலுக்கு, த்லால்பான். முதல்முறை செய்பவர் பின்னதில் தொடங்கலாம். அது தவறுகளை மன்னிக்கும். கடலை கூடுதலாக வெந்தாலும், கேரட் குறைவாக வெந்தாலும் புகை எல்லாவற்றையும் போர்த்திவிடும். லீமா சூப் மன்னிப்பதில்லை. சாற்றில் நுரையை ஒழுங்காக எடுக்கவில்லையா, பூண்டு கருகிவிட்டதா, வில்லை ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிடந்ததா, அத்தனையும் அந்தத் தெளிவில் தெரிந்துவிடும். அதனாலேயே அதன்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை. அதிகம் செய்வது என்னவோ மற்றதைத்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. குளிர்பெட்டியில் இரண்டிலும் ஒவ்வொரு கிண்ணம் மிச்சம் இருந்தது. த்லால்பான் சாற்றில் கடலை புகையை உறிஞ்சி, முந்தைய நாளைவிடச் சுவையாகியிருந்தது. மிச்சமிருந்த பாதி அவகாடோவை அரிந்து போட்டு நின்றபடியே குடித்து முடித்தேன். லீமா சாற்றில் மணம் போய்விட்டிருந்தது, நாடாக்களும் தீர்ந்துவிட்டிருந்தன. அதை அம்மா எடுத்துச் சூடாக்கி, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டார்.